ஏறாத முள்

சந்தியாகு அண்ணன் அன்று காலை ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார். ஊற்றும்போது அதன் மூடியைக் கையில் வாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றவன் நான். அவர் ஊற்றவில்லை என்று எல்லோரும் நம்பும்படி பேசியவனும் நான்தான். அதனால் ஒரு மனிதருக்குத் தொழில் போயிற்று, அதைவிடப் பெரிதாகப் பெயர் போயிற்று. இத்தனை காலம் இதை வெளியே சொல்லாமல் இருந்துவிடவில்லை. ஒரு முறை சொன்னேன். அது என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது எழுத உட்காரவைத்தவன் என் பேரன். புதிதாக வாங்கிய பிக்கப் வண்டிக்கு ஆன்லைனில் நாலு மீட்டர் வரவழைத்திருக்கிறான். கம்பெனிக்காரன் வைத்து அனுப்பியது போதாதாம். எஞ்சின் ஆயிலுக்கு ஒன்று, தண்ணீர்ச் சூட்டுக்கு ஒன்று, கியர்பாக்ஸுக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று. போன ஞாயிற்றுக்கிழமை வண்டியின் டேஷ்போர்டைப் பிரித்துப் போட்டுவிட்டு, "தாத்தா, இந்த டார்ச்சக் கொஞ்சம் பிடிங்களேன்" என்றான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வயதானவனிடம் யாராவது ஒரு வேலை சொல்ல மாட்டார்களா என்று இருக்கும் காலம் இது. பிடித்துக்கொண்டு நின்றேன். ஒயர் கொஞ்சம் நீளமாக இருந்தது. பிளையரை எடுத்து நறுக்கென்று வெட்டினான். நான் பிடித்திருந்த டார்ச்சின் வெளிச்சம் கொட்டகைக் கூரைக்குப் போய்விட்டது.

"என்ன தாத்தா, ஒயரு என் கையில இருக்கு. ஷாக்கு உங்களுக்கு அடிக்குது?"

ஒயரை வெட்டலாம். வெட்டியதை ஒட்டிக்கொள்ளவும் செய்யலாம். நான் வெட்டியது ஒயர் இல்லை.

அறுபதுகளின் கடைசி. நான் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டுப் போட்டுச் சலித்து, நாச்சியாபுரத்தில் சித்தப்பா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்பா சிறு வயதிலேயே போய்விட்டதால் என்னைப் படிக்கவைத்தவர் சித்தப்பாதான். அவருக்கு வயல் இருந்தது. அதோடு செக்காலை ஸ்டாண்டில் வாடகைக்கு ஓடும் ஒரு பிக்கப்பும் இருந்தது. இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் ராணுவத்தில் ஓடி, ஏலத்துக்கு வந்து, மூன்று நான்கு கை மாறி வந்த வண்டி. கல்யாண மாதங்களில் அதற்கு ஓய்வே கிடையாது. செட்டிநாட்டு வீட்டுக் கல்யாணம் என்றால் பாத்திரம் மட்டுமே பல நடை அடிக்க வேண்டும். அண்டா, குண்டான், கங்காளம், தாம்பாளம் என்று அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டினாலும், வண்டி கிளம்பியதும் பின்னால் ஒரு கோயில் திருவிழா புறப்பட்டதுபோல இருக்கும். அந்தச் சத்தத்தை வைத்தே எங்கள் வண்டி எந்தத் தெருவில் வருகிறது என்று சொல்லிவிடுவார்கள்.

ஓட்டியவர் சந்தியாகு. நாற்பது வயது இருக்கும். சட்டைக் காலருக்குள் கைக்குட்டை மடித்து வைத்திருப்பார். மீசையை அடிக்கடி கண்ணாடியில் பார்த்துக்கொள்வார். வாய் ஓயாது. ஊரில் எந்த வீட்டில் யாருக்கு எங்கே பெண் பார்க்கிறார்கள் என்பது அந்த வீட்டுக்காரர்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் ஒரே ஒரு குற்றம் உண்டென்று சித்தப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். வழியில் வண்டியை நிறுத்திவிடுவார். நிறுத்துகிற இடம் எப்போதும் ஊருணிக் கரையாக இருக்கும்; அந்தக் கரையில் ஒரு டீக்கடையும் இருக்கும்.

"எஞ்சின் சூடாகுது மொதலாளி. தண்ணி மாத்தி ஊத்தி, ஆற வச்சுத்தேன் எடுக்கணும். ரேடியேட்டரு உள்ளுக்குள்ள அடைச்சிருச்சு. மதுரைக்குக் கொண்டுபோயிக் கழட்டிக் கழுவுனம்னா சரியாப்போகும்."

"சூடாகுறது எஞ்சினா, டீயாப்பா?" என்பார் சித்தப்பா.

இது தினமும் நடக்கிற வழக்கு. சாட்சி இல்லாத வழக்கு. இருவருமே என்னை வைத்துக்கொண்டு வாதாடுவார்கள், நான் ஏதோ நீதிபதி மாதிரி.

அப்போதுதான் கண்டனூர் செட்டியார் ஒருவர், பினாங்கிலிருந்து திரும்பிவந்தவர், தம் வீட்டில் சரக்கு வைக்கும் கிட்டங்கியை ஒழித்தபோது கிடைத்த ஒரு மரப்பெட்டியைச் சந்தியாகுவிடம் கொடுத்தனுப்பினார். பெட்டியைத் திறந்ததும் பாச்சை உருண்டையும் பழைய கிரீஸும் கலந்த ஒரு வாசனை. உள்ளே சீனமொழிச் செய்தித்தாளில் சுற்றிய நாலு மீட்டர்கள். கறுப்பு முகம், வெள்ளை எண், சிவப்பு முள். ஏதோ பெரிய லாரிக்குச் செய்தவை. நான் கையில் எடுத்துப் பார்த்து, எழுத்தைப் படித்து, "இது ஆயில் அழுத்தம், இது பேட்டரி, இது தண்ணீர்ச் சூடு, இது கியர்பாக்ஸ் ஆயில் சூடு" என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். படித்த படிப்புக்கு அந்த வீட்டில் முதன்முதலாகக் கிடைத்த மரியாதை அது. சித்தப்பாவின் முகம் மலர்ந்துபோயிற்று.

"இத நம்ம வண்டியில மாட்ட முடியுமாடா?"

"மாட்டலாம் சித்தப்பா. மாட்டிட்டா எஞ்சின் சூடாகுதா இல்லையான்னு முள்ளே சொல்லிரும்."

"சொல்லட்டும் தம்பி, சொல்லட்டும்" என்றார் சந்தியாகு. அவருக்குத்தான் அதிக மகிழ்ச்சி. தம் பக்கம் பேச ஒரு சாட்சி வந்துவிட்டது என்று நினைத்தார்.

வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தி இருவருமாக வேலையைத் தொடங்கினோம். டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு தகரப் பட்டையில் நாலு ஓட்டை போட்டு மீட்டர்களைப் பொருத்தினோம். ஆயில் மீட்டருக்கு எஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய செப்புக் குழாய் வர வேண்டும். பெரிய லாரிக்கான குழாய் என்பதால் நீளம் அதிகம். ஹாக்சாவால் வெட்டி, முனையை விரித்து, பித்தளை நட்டு போட்டு முறுக்கினேன். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. கியர்பாக்ஸ் குழாய் தூரம் போக வேண்டியது. அதன் நீளம் சரியாக இருந்தது. சந்தியாகு வண்டிக்கு அடியில் படுத்து அதை மாட்டிக்கொண்டிருந்தார். மிச்சம் இருந்தது தண்ணீர்ச் சூட்டு மீட்டர். அதன் குழாய்தான் மிக மெல்லியது. அதுவும் நீளம். சுருட்டி வைத்தால் அசிங்கமாக இருக்கும் என்று நினைத்தேன். எனக்கு எதுவும் நேர்த்தியாக இருக்க வேண்டும். வெட்டினேன்.

'உஸ்' என்று ஒரு மெல்லிய மூச்சு வந்தது. கூடவே ஒரு தித்திப்பான வாசனை.

அந்த வாசனையை எனக்குத் தெரியும். கல்லூரி வேதியியல் கூடத்தில், அலமாரியின் மேல்தட்டில், கறுத்த புட்டியில் இருக்கும் ஈதர். மூடியைச் சரியாகப் போடாமல் விட்டால் வராந்தாவரை மணக்கும். ஒரு முறை நான்தான் மூடாமல் விட்டேன். யார் என்று கேட்டபோது வகுப்பே பேசாமல் இருந்தது. நானும் வகுப்போடு பேசாமல் இருந்தேன். அதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

குழாயை வெட்டிய கணத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அது வெறும் குழாய் இல்லை. உள்ளே ஈதரை அடைத்து மூடியிருக்கிறார்கள். சூடேறினால் அது ஆவியாகி முட்டி முள்ளைத் தள்ளும். ஈதர் போனால் முள் செத்தது. இனி எஞ்சின் பற்றி எரிந்தாலும் அது கீழ்க்கோட்டிலேயே படுத்துக் கிடக்கும்.

வண்டிக்கு அடியிலிருந்து சந்தியாகுவின் குரல் வந்தது. "என்னமோ ஆஸ்பத்திரி வாடை அடிக்குதே தம்பி?"

"பெட்ரோலா இருக்கும்ணே."

அவ்வளவுதான் நான் சொன்ன முதல் பொய். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. 'அண்ணே, கெடுத்துப்புட்டேன்' என்றால் அவர் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். ஒரு வாரம் கேலி செய்திருப்பார். கியர்பாக்ஸுக்கு மாட்டிய மீட்டரும் இதே வகைதான். அதைக் கழற்றித் தண்ணீருக்கு மாற்றியிருக்கலாம். ஆனால் மாற்றினால் ஏன் மாற்றினாய் என்று சித்தப்பா கேட்பார். காலையில்தான் தெருவில் போகிறவரை எல்லாம் கூப்பிட்டு, "நம்ம பய எஞ்சினீயர் வேலை பாக்குறான்" என்று காட்டிக்கொண்டிருந்தார். வெட்டிய முனைகளை ஈயம் வைத்து ஒட்டி, மேலே கறுப்பு டேப் சுற்றி, ஒன்றும் நடக்காததுபோல மாட்டிவிட்டேன்.

வண்டியைக் கிளப்பியதும் ஆயில் முள் துள்ளி எழுந்தது. பேட்டரி முள் ஆடியது. சித்தப்பா மீட்டர்களுக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். சந்தியாகு தம் பங்குக்கு நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். வெகு நேரம் எஞ்சின் ஓடியது. சூட்டு முள் அசையவில்லை.

"என்னடா, ஒண்ணும் ஏறலையே?"

"சூடாகலைன்னு அர்த்தம் சித்தப்பா."

சித்தப்பா சந்தியாகுவைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அத்தனை வருஷத்து டீயும் இருந்தது. "பாத்தியாப்பா?"

சந்தியாகு எதிர்த்துப் பேசுவார் என்று பயந்தேன். அவரோ பானெட்டைத் திறந்து ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தார். கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு, "கை சுடுது. ஆனா மிஷினு சுடலங்குது. அப்ப நம்ம கைதேன் பொய் சொல்லுது போல" என்றார். வேடிக்கையாகச் சொன்னார் என்றுதான் அன்று நினைத்தேன்.

மறுநாளே ஸ்டாண்டில் அவர் கொடி பறந்தது. "ஏரோப்பிளேன்ல இருக்கிற மாதிரி நாலு முள்ளப்பா! எங்க தம்பி காலேஜு படிச்சவுக, அவுக கையால மாட்டுனது" என்று ஒவ்வொரு டிரைவராக இழுத்துவந்து காட்டினார். நடுவழியில் நிறுத்துவதைக் குறைத்துக்கொண்டார். ஒரு நாள் நான் கூடப் போனபோது மட்டும் கேட்டார்.

"தம்பி, ஒரு சந்தேகம். கியர்பாக்ஸு முள்ளு பாருங்க, போகப் போக ஏறுது. பக்கத்துல இருக்கிற எஞ்சின் மட்டும் எப்படிக் குளுந்து கெடக்கு?"

சொல்வதற்கு அதுதான் நல்ல சமயம். நான் சொன்னது வேறு. எஞ்சினுக்குத் தண்ணீர் இருக்கிறது, விசிறி இருக்கிறது, காற்று வாங்குகிறது. கியர்பாக்ஸுக்கு அதெல்லாம் இல்லை, அதனால் சூட்டை வைத்துக்கொள்கிறது என்று வெகு நேரம் விளக்கினேன். சொன்னவை எல்லாமே பாடப்புத்தகப்படி சரி. அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். "படிச்சவுக படிச்சவுகதேன்" என்றார்.

வைகாசியில் கண்டனூரில் ஒரு பெரிய கல்யாணம். மதுரையிலிருந்து காய்கறியும் வாழையிலைக் கட்டும் கொண்டுவரச் சித்தப்பாவே கூட வந்தார், நானும் போனேன். விடிகிற நேரத்தில் மார்க்கெட் பக்கத்துக் குழாயடியில் சந்தியாகு நெய் டின்னில் தண்ணீர் பிடித்து ரேடியேட்டர் வழிய வழிய ஊற்றினார். மூடியை என்னிடம் கொடுத்திருந்தார். சித்தப்பா அங்கே மாங்காய் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

மேலூர் தாண்டும்போதே வெயில் ஏறிவிட்டது. வண்டியில் தாங்க முடியாத பாரம். சித்தப்பா ஜன்னலோரம், நான் நடுவில். திருப்பத்தூர் தாண்டியதும் சந்தியாகு மூக்கை உறிஞ்சினார்.

"மொதலாளி, வாடை வருது. அந்தா, அங்குட்டு ஊருணி தெரியுது. ஒரு நிமிசம் ஓரங்கட்டட்டுமா?"

"டீக்கடையும் தெரியுதுல்ல? சமையக்காரக அங்க கையப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கிறாகப்பா" என்ற சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "முள்ளு என்னடா சொல்லுது?"

நான் முள்ளைப் பார்த்தேன். "கீழ்க்கோட்டுலதான் இருக்கு சித்தப்பா."

பார்த்ததைத்தான் சொன்னேன். முள் அங்கேதான் இருந்தது. சந்தியாகுவும் ஒரு முறை அதைப் பார்த்துக்கொண்டார். ஊருணி பின்னால் போயிற்று.

கொஞ்ச தூரத்தில் எஞ்சினுக்குள் யாரோ சம்மட்டியால் அடிக்கிறாற்போல ஒரு சத்தம். வண்டி இழுத்துப் பிடித்து நின்றுவிட்டது. பானெட் இடுக்கெல்லாம் புகை. கொதித்து வற்றிய ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பிஸ்டன் இறுகிப் பிடித்து எஞ்சின் போய்விட்டது. பின்னால் இலைக்கட்டுகள் வாடத் தொடங்கின.

சித்தப்பா இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "காலையில தண்ணி ஊத்துனியாப்பா?"

"ஊத்துனேன் மொதலாளி. வழிய வழிய ஊத்துனேன். தம்பி பாத்தாக. கேளுங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் பார்த்தேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி முள்ளைப் பற்றித்தான் வரும். தண்ணீர் இருந்தது என்றால் முள் ஏன் ஏறவில்லை? தகரப் பட்டையைக் கழற்றுவார்கள். கறுப்பு டேப்பைப் பிரிப்பார்கள்.

"நான் கவனிக்கல சித்தப்பா" என்றேன். அதோடு நிறுத்தவில்லை. "உள்ள தண்ணி இல்லாட்டி முள்ளு ஏறாது. எஞ்சின் சூட்ட முள்ளுக்குத் தண்ணிதான் கடத்தணும்."

இதுவும் ஓரளவு சரியான விஞ்ஞானம்தான். அதுதான் கொடுமை.

சித்தப்பா கையை நீட்டினார். சந்தியாகு சாவியைக் கொடுத்தார். என்னை அவர் திட்டவில்லை. நான் ஏதோ தவறாகக் கேட்டுக்கொண்டேன், இன்னொரு முறை கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவேன் என்று நினைத்தவர்போல என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திருப்பத்தூர் பக்கம் நடந்தார். நாங்கள் மாட்டுவண்டி பிடித்துக் காய்கறியைக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது, கல்யாண வீட்டு ஆச்சி, "டிரைவரு தண்ணி ஊத்த மறந்துட்டானாமே, சாப்பிட மறப்பானா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு செக்காலை ஸ்டாண்டுக்கும் போயிற்று. அதன்பின் அவருக்கு யாரும் வண்டி கொடுக்கவில்லை. வேலை கேட்டுப் போன இடத்தில் எல்லாம், "வாங்கண்ணே, தண்ணி குடிச்சீகளா? அத மறக்கலையே?" என்றார்களாம். சித்தப்பாவோ, எஞ்சின் போன காரணத்தை நின்ற இடத்திலேயே விஞ்ஞானப்படி சொன்ன பிள்ளை என்று என்னைப் பற்றிச் சொல்லாத ஆள் பாக்கியில்லை. சில மாதங்களில் எனக்கு வடக்கே அரசாங்க வேலை கிடைத்தது. போனேன் என்பதைவிட ஓடினேன் என்பது பொருத்தம்.

சித்தப்பா இருந்தவரை வாய் திறக்கவில்லை. எண்பதுகளின் கடைசியில் அவர் இறந்தார். துக்கம் கேட்க வந்தவர்களில் சந்தியாகுவும் இருந்தார். கைக்குட்டை இல்லை, மீசை நரைத்திருந்தது. கண்டனூரில் ஒரு பூட்டிய வீட்டுக்குக் காவல் இருப்பதாகச் சொன்னார். "மொதலாளி தங்கமான மனுசன் தம்பி. என்னைய மட்டுந்தேன் நம்பல" என்றார். அவரைத் தனியே அழைத்துப்போய், குழாயை வெட்டியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

கீழே உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"நீங்க மூடிய வச்சுக்கிட்டு நின்னது எனக்குத் தெரியும். சித்தப்பாவுக்குப் பயந்து பாக்கலன்னு சொல்லிட்டீகன்னு இருந்தேன். அது பரவால்ல. ஆனா தம்பி, முள்ளு பொய் சொல்லாதுல்ல? அப்ப நாந்தேன் டின்ன முழுசா ஊத்தலையோ, நெனப்பு எங்கயோ இருந்துச்சோன்னு... இத்தன வருசமா அந்தக் கொழாயடியத்தேன் நெனச்சுப் பாத்துக்கிட்டே இருக்கேன்."

நான் அழுதேன். அவர் அழவில்லை. அவருக்கு வேறு வேலை வாங்கித் தருவதாக ஏதோ சொன்னேன்.

"கண்ணு மங்கிருச்சு, வண்டியெல்லாம் வேணாம். எங்கிட்டச் சொன்னத ஸ்டாண்டுல வந்து சொல்லுங்க. அது போதும்."

மறுநாள் இருவரும் செக்காலைக்குப் போனோம். பழைய ஆட்கள் ஒருவரும் இல்லை. எல்லாம் இளவட்டங்கள். வண்டிகளும் வேறு. நான் நடுவில் நின்று பேசத் தொடங்கியதும், கட்சிக்கு நன்கொடை கேட்க வந்தவன் என்று ஒருவன் நகர்ந்தான். மற்றவர்கள் கேட்டார்கள், ஆனால் எந்த வண்டி, எந்த முதலாளி என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. அந்த நேரத்தில் ஒருவன் வண்டியை எடுக்க, இன்னொருவன் பின்னாலிருந்து கத்தினான்.

"டேய், சந்தியாகு பண்ணிட்டுப் போயிறாத! தண்ணியப் பாத்தியா?"

தண்ணீர் ஊற்ற மறப்பதற்கு அந்த ஸ்டாண்டில் அதுதான் பெயர். அப்படி ஒரு ஆள் இருந்தார் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

சந்தியாகு முன்னால் போனார். "நாந்தேம்ப்பா அது" என்றார்.

"எது பெரிசு?"

"சந்தியாகு."

அவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. கிழவர் வேடிக்கையாகப் பேசுகிறார் என்று ஒருவன் டீ வாங்கிக் கொடுத்தான். அவர் அதை முழுவதும் குடித்தார். பிறகு கண்டனூர் பஸ் வந்தது. "சொன்னீகள்ல, போதும்" என்று ஏறிக்கொண்டார். நானும் ஏறப்போனேன். "நீங்க வீட்டுக்குப் போங்க தம்பி" என்றார்.

இரண்டு வருஷம் கழித்து விடுமுறையில் வந்தபோது அவர் இல்லை. எந்தக் கல்லறைத் தோட்டத்தில் வைத்தார்கள் என்று சொல்ல அந்தப் பூட்டிய வீட்டில் யாரும் இல்லை.

இப்போது ஸ்டாண்டும் இல்லை. அந்த இடத்தில் வரிசையாகச் செல்போன் கடைகள். அன்று அந்தச் சொல்லை எப்படியாவது அழித்துவிட வேண்டும் என்றுதான் அங்கே போனேன். என்னால் ஆகவில்லை; பிறகு காலம் தானே அழித்துவிட்டது. இந்த வாரம் அந்தப் பக்கம் போகும்போது சரக்கு ஏற்றி நின்ற ஒரு மினி வேனின் டிரைவரிடம், ஏன் என்று தெரியவில்லை, கேட்டேன்.

"சந்தியாகு பண்ணிடலையே தம்பி?"

"என்னது சார்?" என்றான்.

இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன். அவனுக்குப் புரியவில்லை.